மலை நாட்டைக் காலால் அளந்த வாத்தியார்

அம்பத்தூரிலிருந்து ஆவடிக்கு நடந்தே போனால் எத்தனை தப்படி வைக்க வேண்டும்?

தூரம் ஏறக்குறைய 4 மைல். மைலுக்கு 2,000 தப்படி என்று வைத்துக்கொண்டால், 8,000 தப்படி ஆகும். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே நடந்து பாருங்கள். எதிரே தெரிந்தவர் வந்து நலம் விசாரிப்பார். பஸ் ஒன்று உரசிக்கொண்டு போகும். வீட்டு ஞாபகம் வரும். அவ்வளவுதான், கணக்கு தவறிவிடும்.

ஒரு மனிதர் இப்படி 25 லட்சம் தப்படிகள் எண்ணினார். கணக்கு தவறவில்லை. அவர் நடந்தது தார் ரோட்டிலும் அல்ல. அயல் நாடான திபெத்தின் மலைகளில், பனியில், மாறுவேடத்தில் நடந்தார். அவர் எண்ணுகிறார் என்பது வெளியே தெரிந்தால் தலை போய்விடும்.

அவர் பெயர் நைன் சிங் ராவத். தொழில், பள்ளிக்கூட வாத்தியார்.

பரங்கிமலையில் தொடங்கிய வேலை

இந்தக் கதையின் முதல் நுனி நம் ஊர்ப் பக்கத்தில்தான் இருக்கிறது. மவுண்ட்-பூந்தமல்லி சாலை என்று ஒரு சாலை உண்டு. பூந்தமல்லிக்காரர்கள் தினமும் போய் வரும் சாலை. அந்தப் பெயரில் உள்ள மவுண்ட், பரங்கிமலையைக் குறிக்கும்.

1802-ம் ஆண்டு, அந்தப் பரங்கிமலையை ஒட்டிய சமவெளியில் வில்லியம் லாம்டன் என்ற வெள்ளைக்கார ராணுவ அதிகாரி, இரும்புச் சங்கிலியைப் பிடித்து ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்க்கோட்டை அளந்தார். இந்தியா முழுவதையும் அளந்து படம் போடும் பெரிய வேலை அங்கே தொடங்கியது. லாம்டன் அந்த வேலையிலேயே இறந்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் வடக்கே, வடக்கே என்று அளந்துகொண்டே போனார்கள். 1856-ல் எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தை 29,002 அடி என்று அறிவித்தார்கள்.

அதற்கு அப்பால் போக முடியவில்லை. இமயமலைக்கு மறுபக்கம் திபெத். அந்நியர் வரக் கூடாது என்று அந்த நாடு கதவைச் சாத்தி வைத்திருந்தது. வெள்ளைக்காரன் எந்த வேடத்தில் போனாலும் நிறமும் கண்ணும் காட்டிக்கொடுத்துவிடும். தலைநகரான லாசா எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக்கூட ஆங்கில சர்க்காரால் படத்தில் சரியாகக் குறிக்க முடியவில்லை. வடக்கே ரஷ்யா நாளுக்கு நாள் நாடுகளைப் பிடித்து நெருங்கி வந்த காலம் அது. நடுவில் இருக்கும் நாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருக்க ஆங்கிலேயருக்கு மனம் இல்லை.

சர்வே இலாகாவில் இருந்த கேப்டன் மான்ட்கோமரிக்கு ஒரு யோசனை தோன்றியது. வெள்ளைக்காரன் போக முடியாத இடத்துக்கு மலைநாட்டு இந்தியன் போகலாமே! வியாபாரிகளும் யாத்திரிகர்களும் போய் வந்துகொண்டுதானே இருக்கிறார்கள்?

உப்பும் கம்பளியும்

குமாவூன் மலையில், இன்றைய உத்தரகண்ட் மாநிலத்தில், மிலம் என்று ஒரு கிராமம். உயரம் 11,000 அடிக்கு மேல். குளிர்காலம் வந்தால் ஊரே காலியாகிக் கீழே இறங்கிவிடும். கோடையில் மறுபடி ஏறும். அங்குள்ள மக்கள் தானியத்தை ஆட்டின் முதுகில் ஏற்றிக்கொண்டு, கணவாய்களைத் தாண்டித் திபெத்துக்குப் போவார்கள். உப்பும் கம்பளியும் வாங்கி வருவார்கள். தலைமுறை தலைமுறையாக இதுதான் பிழைப்பு.

அந்த மக்களில் ஒருவராக 1830-ம் ஆண்டு அக்டோபர் 21-ந் தேதி நைன் சிங் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையுடன் திபெத்துச் சந்தைகளுக்குப் போனார். திபெத்திய மொழி பேச்சோடு பேச்சாக வந்துவிட்டது. அங்குள்ளவர்கள் எப்படிக் கும்பிடுவார்கள், தேநீரை எப்படிக் குடிப்பார்கள், எதற்குச் சிரிப்பார்கள், எதற்குக் கோபிப்பார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

1855-ல் ஷ்லாகின்ட்வைட் என்ற ஜெர்மன் சகோதரர்கள் இமயமலையை ஆராய வந்தார்கள். நைன் சிங் அவர்களோடு துணைக்குப் போனார். கருவிகளைக் கையாளும் பழக்கம் அப்போது வந்தது. அந்தச் சகோதரர்களில் ஒருவரான அடால்ஃப், 1857-ல் காஷ்கர் என்ற ஊரில் ஒற்றன் என்ற சந்தேகத்தில் தலை வெட்டப்பட்டு இறந்தார். மலைக்கு அப்பால் போகிறவனுக்கு என்ன நேரலாம் என்பது நைன் சிங்குக்குத் தெரியாத சங்கதி அல்ல.

பிறகு அவர் மிலம் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஆனார். ஊரார் பண்டிதர் என்று அழைத்தார்கள். பின்னாளில் சர்வே இலாகாவும் அவர் பெயரை மறைத்து, பண்டிதர் என்றே குறிப்பிட்டது.

1863-ல் அவருக்கும், உறவினரான மணி சிங்குக்கும் அழைப்பு வந்தது. இருவரும் டேராடூனுக்குப் போனார்கள். சம்பளம் சொற்பம். ஆபத்து பெரிது. இருந்தும் ஒப்புக்கொண்டார்கள்.

நூறு மணி ஜெபமாலை

டேராடூனில் முதல் பாடம், நடை. மேட்டில் ஏறினாலும் பள்ளத்தில் இறங்கினாலும் தப்படி ஒரே அளவாக இருக்க வேண்டும். 2,000 தப்படி வைத்தால் ஒரு மைல். மாதக் கணக்கில் இந்தப் பழக்கம்தான். கால் முழக்கோல் போல ஆகிவிட்டது.

எண்ணுவதற்கு ஒரு யுக்தி செய்தார்கள். புத்த மதத்தினர் வைத்திருக்கும் ஜெபமாலையில் 108 மணிகள் இருக்கும். பண்டிதரின் மாலையில் 100 மணிகள் மட்டும் கோத்தார்கள். 100 தப்படிக்கு ஒரு மணி தள்ள வேண்டும். மாலை ஒரு சுற்று முடிந்தால் 10,000 தப்படி, அதாவது 5 மைல். அம்பத்தூரில் ஆரம்பித்தால், ஆவடி வந்து சேரும்போது மாலையில் இன்னும் 20 மணி மிச்சம் இருக்கும்! பார்க்கிறவர்களுக்கு அவர் ஜெபம் செய்வதாகத் தோன்றும். எட்டு மணிகள் குறைவதை யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்?

திபெத்தியர்கள் கையில் சுழற்றும் ஜெபச்சக்கரம் ஒன்று உண்டு. ஒரு குச்சியின் மேல் செம்பு உருளை. உள்ளே மந்திரம் எழுதிய காகிதச் சுருள். பண்டிதரின் சக்கரத்தில் மந்திரம் இல்லை. வெறும் காகிதம். அன்றன்று நடந்த தூரத்தையும் திசையையும் குறித்து அதற்குள் சுருட்டி வைத்துவிடுவார். வழியில் யாராவது அருகே வந்தால், சக்கரத்தைச் சுழற்றத் தொடங்கிவிடுவார். ஜெபம் செய்கிறவரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்று அவர்கள் விலகிவிடுவார்கள். சுங்கச் சாவடியிலும் ஜெபச்சக்கரத்தைத் திறந்து பார்ப்பதில்லை.

வெப்பமானியை ஊன்றுகோலுக்குள் மறைத்தார்கள். மலையின் உயரத்தை அளப்பதற்கு அது வேண்டும். உயரம் ஏற ஏறத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். நம் வீட்டு அடுப்பில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் லாசாவில் 88 டிகிரிக்கே கொதித்துவிடும். எத்தனை டிகிரியில் கொதிக்கிறது என்று பார்த்தால், எவ்வளவு உயரம் என்று கணக்குப் போடலாம். வழிப்போக்கன் அடுப்பு மூட்டித் தண்ணீர் கொதிக்க வைப்பதில் யாருக்கு என்ன சந்தேகம் வரும்?

நட்சத்திரத்தின் உயரத்தைப் பார்க்கும் செக்ஸ்டன்ட் கருவியைப் பெட்டியின் கள்ள அடித்தட்டில் வைத்தார்கள். அந்தக் கருவிக்குக் கண்ணாடி போன்ற சமமான பரப்பு ஒன்று வேண்டும். அதற்குப் பாதரசம். அந்தப் பாதரசத்தை எங்கே வைத்தார்கள் தெரியுமா? ஒரு தேங்காய்க்குள்! மிச்சத்தைச் சோழிகளில் ஊற்றி மெழுகால் அடைத்தார்கள். இரவில் எல்லாரும் தூங்கிய பிறகு, சாப்பிடும் மரக் கிண்ணத்தில் பாதரசத்தை ஊற்றி, அதில் விழும் நட்சத்திரத்தைப் பார்த்துக் கணக்கெடுக்க வேண்டும்.

உயிரை ஈடு வைத்து

1865-ம் ஆண்டு ஜனவரியில் இருவரும் டேராடூனை விட்டுக் கிளம்பினார்கள். மார்ச்சில் நேபாளத் தலைநகரான காட்மாண்டு. அங்கிருந்து கிரோங் என்ற எல்லை ஊர். குதிரை வாங்கப் போகும் வியாபாரிகள் என்று சொல்லிப் பார்த்தார்கள். காவல்காரர்கள் நம்பவில்லை. இந்தப் பருவத்தில், இந்த வழியில் குதிரை வாங்க யார் வருவார்கள்? திருப்பி அனுப்பிவிட்டார்கள். கிரோங் அதிகாரிக்கு மணி சிங்கை அடையாளம் தெரியும் என்பது வேறு பெரிய பயம். மணி சிங் வேறு வழியாகப் போய், முடியாமல் ஊர் திரும்பினார்.

பண்டிதர் தனியானார். லடாக் வியாபாரி போல உடுத்தி, பொய்ச் சடை வைத்துக்கொண்டு மறுபடி கிளம்பினார். லாசா வரை அழைத்துப் போவதாகச் சொன்ன ஒரு வியாபாரி கடன் வாங்கிக்கொண்டு ஏமாற்றினான். அவனுடைய வீட்டாருக்கே மனம் பொறுக்காமல், பண்டிதருக்கு உதவி செய்து கிரோங்குக்கு அனுப்பி வைத்தார்கள்.

அங்கே ஒரு நிபந்தனை. லாசாவுக்குப் போவதில்லை, போனால் உயிரை இழக்கச் சம்மதம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பண்டிதர் எழுதிக் கொடுத்தார். போகும் இடம் லாசாதான் என்று மனதுக்குத் தெரிந்திருந்தும் எழுதிக் கொடுத்தார்.

உள்ளே போன பிறகு, லாசாவுக்குச் செல்லும் லடாக் வணிகர் கூட்டம் ஒன்று கிடைத்தது. அதோடு ஒட்டிக்கொண்டார். யாக் எருதுகள், மூட்டைகள், ஆட்கள் என்று நீண்ட வரிசை. சாங்போ ஆற்றை, அதாவது நம் பிரம்மபுத்திராவின் மேற்பகுதியைக் கடக்க வேண்டிய இடத்தில், ஒரு படகு மூழ்கி ஆட்கள் சாவதைக் கண்ணால் பார்த்தார்.

சில இடங்களில் வணிகர்கள் ஆற்றில் படகிலேயே போனார்கள். நடந்து களைத்த கால்களுக்கு அது எவ்வளவு சுகம்! பண்டிதர் ஏறவில்லை. கரையோரமாக நடந்தே வந்தார். படகில் போனால் தப்படி எண்ண முடியாதே. அந்தச் சில மைல்கள் விட்டுப்போனால் அதற்கு முன் எண்ணியதும் பின் எண்ணியதும் ஒட்டாமல் போய்விடும். இது என்ன கிறுக்கு என்று கூட வந்தவர்கள் நினைத்திருக்கலாம். பக்தி முற்றிய ஆள் என்றும் நினைத்திருக்கலாம்.

லாமாவின் மூன்று கேள்விகள்

ஷிகாட்சே என்ற ஊரில் பெரிய புத்த மடம் இருக்கிறது. அதன் தலைவரான பஞ்சன் லாமாவைத் தரிசிக்க வணிகர்கள் கிளம்பினார்கள். பண்டிதர் வராமல் இருந்தால் சந்தேகம் வரும். போனாலும் பயம். மனிதர் மனதில் உள்ளதை லாமா அறிந்துவிடுவார் என்று சொல்லக் கேட்டிருந்தார். பொய்ச் சடையும் பொய் மாலையுமாக அவர் முன்னே எப்படி நிற்பது?

உயரமான ஆசனத்தில் 11 வயதுச் சிறுவர் உட்கார்ந்திருந்தார். வந்தவர் எல்லாரிடமும் கேட்கும் அதே மூன்று கேள்விகளைக் கேட்டார். உங்கள் அரசர் நலமா, நாடு செழிப்பாக இருக்கிறதா, நீங்கள் சுகமா என்பதுதான். பிறகு கழுத்தில் ஒரு பட்டுத்துணியைப் போட்டார்கள். தேநீர் கொடுத்தார்கள். பண்டிதருக்கு உயிர் திரும்பி வந்தது.

1866 ஜனவரி 10-ந் தேதி லாசா போய்ச் சேர்ந்தார். கையில் பணம் தீர்ந்துவிட்டது. அப்போது கைகொடுத்தது பழைய வாத்தியார் தொழில்தான். நேபாள வியாபாரிகளுக்கு நம் நாட்டு முறையில் கணக்கு எழுதச் சொல்லிக் கொடுத்து வயிறு வளர்த்தார். பகலில் கணக்கு வாத்தியார். இரவில் நட்சத்திரம் பார்க்கும் ஒற்றர்.

காஷ்மீர் வம்சத்து முஸ்லிம் வியாபாரிகள் இரண்டு பேர் அவருடைய வேடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வேறு வழி இல்லாமல் உண்மையைச் சொன்னார். அவர்கள் நினைத்திருந்தால் அரண்மனைக்கு ஒரு வார்த்தை சொல்லிப் பரிசு வாங்கியிருக்கலாம். சொல்லவில்லை. அது மட்டுமா? அவருடைய கடிகாரத்தை ஈடாக வாங்கிக்கொண்டு பணமும் கடன் கொடுத்தார்கள். இந்தப் பயணத்தில் அவருக்கு வாய்த்த பெரிய அதிர்ஷ்டம் அந்த இருவர்தான்.

ஒரு நாள் தெருவில் போகும்போது திடுக்கிட்டு நின்றார். எதிரே கிரோங் அதிகாரி! யாரிடம் உயிரை ஈடு வைத்து எழுதிக் கொடுத்தாரோ, அதே ஆள். பண்டிதர் தங்கும் இடத்தை மாற்றிக்கொண்டார். அனுமதி இல்லாமல் லாசாவுக்கு வந்த ஒரு சீனருக்கு, பொது இடத்தில் தலையை வெட்டித் தண்டனை நிறைவேற்றியதையும் பார்த்தார். அதன் பிறகு வெளியே தலைகாட்டுவதே அபூர்வம்.

ஆனாலும் வேலை நிற்கவில்லை. லாசாவின் இடத்தைக் கணித்தார். அதன் உயரத்தை ஏறக்குறைய 11,700 அடி என்று கண்டார். இன்று சொல்லும் அளவு ஏறக்குறைய 12,000 அடி. ஒரு வெப்பமானியும் கொதிக்கும் தண்ணீரும் சொன்ன விடை அது.

ஏப்ரலில் லடாக் வணிகர்களோடு திரும்பினார். சாங்போ ஆற்றின் போக்கிலேயே மேற்கே, மானசரோவர் வரை எண்ணிக்கொண்டே வந்தார். 1866 அக்டோபரில் டேராடூன். நடந்த தூரம் 1,200 மைலுக்குக் குறையாது. காகிதச் சுருள்களைப் பிரித்துக் கணக்கிட்டபோது, உலகப் படத்தில் வெறும் வெள்ளையாகக் கிடந்த இடத்தில் ஒரு பெரிய ஆறும் ஒரு நெடுஞ்சாலையும் ஒரு தலைநகரமும் வந்து உட்கார்ந்தன.

தங்கச் சுரங்கமும் ஆட்டுக்குட்டிகளும்

மறு வருடமே மறுபடி போனார். இந்த முறை மேற்குத் திபெத்தின் தோக் ஜாலுங் தங்கச் சுரங்கம். ஊட்டியின் தொட்டபெட்டா 8,650 அடி. தோக் ஜாலுங் 16,000 அடிக்கும் மேல். காற்றின் கடுமை தாங்காமல், சுரங்கத் தொழிலாளர் தரையில் குழி வெட்டி அதற்குள் கூடாரம் அடித்திருந்தார்கள். குளிர்காலத்தில்தான் அதிகம் பேர் வேலை செய்வார்களாம். மண் உறைந்து கிடப்பதால் சரியாது. முழங்காலை மடித்துத் தலையோடு சேர்த்துக்கொண்டு, குப்புறக் குறுகித் தூங்குவார்களாம். இதையெல்லாம் பண்டிதர் எழுதி வைத்திருக்கிறார்.

கடைசிப் பயணம் 1874-ல். அப்போது அவருக்கு வயது 43. லடாக்கின் லே நகரிலிருந்து புத்த பிட்சு வேடத்தில் கிளம்பினார். மூட்டை சுமக்க 26 ஆடுகள். புல் மேய்ந்துகொண்டே வரும், தீனிச் செலவு கிடையாது. லாசா போய்ச் சேரும்போது அவற்றில் நாலைந்துதான் மிச்சம். நவம்பரில் லாசாவை அடைந்தார். அடையாளம் தெரிந்துவிடும் என்ற பயத்தில் இரண்டே நாளில் கிளம்பிவிட்டார். தவாங்கில் பல வாரம் தடுத்து வைத்தார்கள். 1875 மார்ச் 1-ந் தேதி அசாமின் உடல்குரியில் வந்து இறங்கினார்.

அதோடு உடம்பு ஓய்ந்துவிட்டது. இரவு இரவாக நட்சத்திரம் பார்த்த கண்ணும், பனியின் கூச்சத்தில் நடந்த கண்ணும் மங்கிவிட்டன.

1877-ல் லண்டன் ராயல் புவியியல் சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. இந்திய சர்க்கார் ஒரு கிராமத்தை மானியமாகக் கொடுத்தது. இந்திய தபால் துறை 2004-ல் அவர் படம் போட்ட தபால் தலையை வெளியிட்டது.

இந்தப் புகழுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. தேநீர் கொடுத்து உபசரித்த மக்களின் நாட்டை, அவர்களுக்குத் தெரியாமல் அளந்து, வேறு ஒரு சர்க்காரிடம் கொடுத்தார். 1904-ல் ஆங்கிலப் படை துப்பாக்கியோடு லாசாவுக்குள் நுழைந்தது. அந்த நாள் வரும் என்று மிலம் கிராமத்து வாத்தியார் எண்ணியிருப்பாரா? கிரோங்கில் எழுதிக் கொடுத்த காகிதம் அவர் மனதை உறுத்தியிருக்குமா? அவருடைய குறிப்புகளில் மைல்கள் இருக்கின்றன, உயரங்கள் இருக்கின்றன, திசைகள் இருக்கின்றன. மனதை அதற்குள் சுருட்டி வைக்கவில்லை. மிலம் கிராமத்தின் திபெத் வியாபாரம் 1962 சீனப் போரோடு நின்றது. வீடுகள் பெரும்பாலும் இடிந்து கிடக்கின்றன.

ஓய்வு பெற்ற பண்டிதர், மறுபடி வாத்தியார் ஆனார். புதிதாக வந்த ஆட்களுக்குத் தப்படி போடவும் மணி தள்ளவும் நட்சத்திரம் பார்க்கவும் பழக்கினார். அவரிடம் பழகியவர்களில் ஒருவர் உறவினரான கிஷன் சிங். 1878-ல் திபெத்துக்குப் போன கிஷன் சிங், நாலு வருடம் கழித்துக் கந்தல் உடையோடு திரும்பினார். வழியில் ஒரு லாமா, கொள்ளைக்காரர் பயம் இருப்பதால் நடக்கக் கூடாது, குதிரையில்தான் வர வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார். மறுத்தால் சந்தேகம் வரும். ஏறினால் தப்படிக் கணக்கு போய்விடும். கிஷன் சிங் ஏறி உட்கார்ந்தார். குதிரையின் வலது முன்னங்கால் தரையில் படுவதை, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்கினார். 200 மைலுக்கு மேல் அப்படியே எண்ணிக்கொண்டு போனார்.